களிமண் முனையில் வலையை விட்டவள்

வெரிபீ
ஏப்ரல் 22

வர்ஷா,

உன்னை வாட்ஸப்பில் பிளாக் பண்ணிவிட்டேன் என்பது இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். உன் வீட்டுக்காரர் பிரதீப்குமார் என் வீட்டுக்காரர் கிரணுக்குப் போன் போட்டு, "ஹரிப்பிரியா ஏன் பேசமாட்டேங்கிறாங்க, வர்ஷா ரொம்ப வருத்தப்படுறா" என்கிறாராம். வருத்தப்படுகிறவளுக்கு வாய் இல்லையா? பிரதீப்குமாரைத் தூது விடுகிற அளவுக்கு நாம் எப்போது ஆனோம்? போனில் பேசினால் கத்துவேன், கத்தினால் அழுதுவிடுவேன், நான் அழுதால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் இந்த மின்னஞ்சல். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழிலேயே வாங்கிக்கொள்.

வெரிபீயிலிருந்து சிட்னிக்கு, உன் பென்டில் ஹில்லுக்கு, ஈஸ்டர் நெரிசலில் நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்தவள் நான். எதற்கு வந்தேன்? தமிழ்த் தூண்டில் சங்கத்தின் ஜோடிப் போட்டிக்கு. போன வருஷம் நாம் மூன்றாவதாக வந்தபோது "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று சிரித்த ஆண்களின் வாயை இந்த வருஷம் அடைக்கிறேன் என்று சபதம் போட்டவள் நீ. நான் இல்லை.

கூலம்பா ஏரி ஈஸ்டருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கரை முழுக்கக் கூடாரம், தண்ணீர் முழுக்க ஜெட் ஸ்கி, ஒரு படகு கிளப்பிய அலை அடங்குவதற்குள் அடுத்த படகு. மற்ற ஜோடிகள் எல்லாம் சத்தமில்லாத மூலை தேடி ஏரியின் கடைசிக்கு ஓடினார்கள். சத்தத்துக்குப் பயந்து பாஸ் மீன் ஓடிவிடும் என்று அவர்கள் நினைப்பு. ஓடாது என்று கண்டுபிடித்தவள் நீதானே. அலைச் சறுக்குப் படகுகள் திரும்புகிற அந்தக் களிமண் முனையில் அலை மோதி மோதிக் கரை கரையும், மண்ணோடு பூச்சியும் பொடி இறாலும் தண்ணீரில் விழும், கலங்கலும் தெளிவும் சேருகிற இடத்துக்குக் கீழே பாஸ் காத்துக்கொண்டு நிற்கும் என்று எனக்குக் காட்டியவள் நீ. "எல்லாரும் எங்க போகப் பயப்படுறாங்களோ, அங்கதான்டி மீன் இருக்கு" என்பாய். நாலு வருஷமாக உன் வாயால் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

சனிக்கிழமை அதே வர்ஷா சொல்கிறாள்: "இன்னைக்கு அலை ஜாஸ்தியா இருக்கு, உள்பக்கம் போலாமே." நான் கேட்கவில்லை. என்ஜின் என் கையில் இருந்தது, நேரே முனைக்கு விட்டேன்.

விட்டது சரியாகப் போயிற்றா இல்லையா? படகு ஒன்று கரையோரமாகத் திரும்பிப் போனது. கலங்கலுக்குள் லூரை, அந்தப் பொய் இரையைப் போட்டு, அதைத் தானாக இறங்கவிட்டு, லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். அடித்தது பார். ரீல் கத்தியது, உன் டின்னி, அந்தக் குட்டித் தகரப் படகு, மூக்கைத் திருப்பிக்கொண்டது. பக்கத்தில் வந்தபோது இரண்டு பேரும் பார்த்தோம், அந்தப் பச்சையும் வெண்கலமுமான முதுகை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய பாஸைப் பார்த்ததில்லை. வலை உன் கையில் இருந்தது. மீனுக்கும் வலைக்கும் ஒரு முழம்கூட இல்லை.

அப்போது அந்தக் கறுப்புப் படகின் அலை வந்தது. எத்தனையோ அலை பார்த்தவர்கள் நாம். நீ வலையைத் தண்ணீரில் விட்டாய். ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் உன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாய். வலை மூழ்கியது, மீன் ஒரு உதறு உதறிவிட்டுப் போயே போய்விட்டது. நீ சாரி கூடச் சொல்லவில்லை. "கரைக்குப் போ ஹரி, இப்பவே போ" என்றாய். போட்டி முடியப் பாதி நாள் பாக்கி இருந்தது.

கரையில் நம் சங்கத்து அருந்தவன் நின்றுகொண்டு, "என்ன தங்கச்சிமார், சமையலுக்கு நேரமாயிட்டுதோ?" என்று கேட்டான். நீ நேரே போய்க் காரில் படுத்துக்கொண்டாய். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான்தான் நின்றேன்.

எனக்கு ஒரு காரணம் வேண்டும். நல்ல காரணமாக இருக்கட்டும்.

ஹரிப்பிரியா


பென்டில் ஹில்
ஏப்ரல் 27

ஹரி,

உன் கடிதத்தில் மீன் அடித்தது இருக்கிறது, அலை அடித்தது இருக்கிறது, அருந்தவன் அடித்த கிண்டலும் இருக்கிறது. நீ அடித்தது மட்டும் இல்லை. படகை ஏற்றும் இடத்தில் அத்தனை பேர் முன்னால், மகேந்திரராஜா அங்கிள் மீன் அளக்கிற பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது, "உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும், எதுக்கும் லாயக்கில்லாதவ" என்று சொன்னாயே, அதை எழுத மறந்துவிட்டாயா? அங்கிள் என்னைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கத்தை நடத்துகிற மனுஷர், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பேச்சை அங்கே கேட்டிருக்கமாட்டார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன் என்று நீயே எழுதுகிறாய். பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு "என்னாச்சு" என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மீன் போன பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கரைக்கு வரும்போது என்ஜினை எவ்வளவு வேகமாக விட்டாய் என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு அலையிலும் டின்னி டம் டம் என்று விழுந்தது.

காரணம் கேட்கிறாய். முந்தின ராத்திரி சாப்பிட்ட கடைப் பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை. அவ்வளவுதான். வயிறு சரியில்லாதவளுக்கு வலை பிடிக்கத் தெம்பிருக்காது. இதற்கு ஒரு விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

மீன் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் போனது ஒரு மீன். ஏரியில் இன்னும் இருக்கிறது.

வர்ஷா


வெரிபீ, ரயிலில் வரும்போது எழுதுவது
மே 4

வர்ஷா,

பரோட்டாவா? அந்தப் பரோட்டாவில் பாதியைத் தின்றவள் நான். என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்வதென்றால் கூட இருந்து சாப்பிடாதவளிடம் சொல்லவேண்டும்.

நான் பேசினது தப்பு. அங்கிள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அதை ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன் பரோட்டாவை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இந்த இரண்டு வாரமாக அந்த நாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடிகாலையில் ஃபிளாஸ்க் காபியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாய். காபி இல்லாமல் படகில் கால் வைக்காதவள் நீ. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்காமல் விட்டிருந்தாய். முகம் வெளிறிப்போயிருந்தது. கிரணிடம் சொன்னால், "அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பெரிசா இருக்குமோ" என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கட்டி கிட்டி ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? ஸ்கேன் எடுத்தாயா?

ஒன்று நினைத்துப் பார். பிள்ளைக்காக எனக்கு ஊசி போட ஆரம்பித்தபோது முதலில் யாரிடம் சொன்னேன்? அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான். அந்த டின்னியில், இரண்டு பேரும் கரையைப் பார்த்தபடி, மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். முதல் தடவை தங்காதபோது உனக்குத்தான் முதல் போன். மூன்றாவது தடவையும் போனபோது நீ ஆபீசுக்கு லீவு போட்டு வெரிபீக்கு வந்து, ரசம் வைத்துக் கொடுத்து, ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லாமல் என் பக்கத்தில் படுத்துக்கிடந்தாய். அதற்குப் பிறகு எனக்கும் உனக்கும் நடுவில் ஒளிவு மறைவு என்று எதுவும் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

உனக்கு ஏதாவது நோய் என்றால் நான் பக்கத்தில் இருக்கவேண்டும். சொல்லித் தொலை.

ஹரி


பென்டில் ஹில்
ஜூன் 9

ஹரி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நோய் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. நீ பயப்படாதே.

சங்கத்தின் அக்டோபர் போட்டிக்கு என்னால் வரமுடியாது. டின்னி இங்கே கராஜில் சும்மாதான் நிற்கும், நீ வந்து எடுத்துக்கொள். வேறு யாரையாவது ஜோடி சேர்த்துக்கொள். காரணம் மட்டும் கேட்காதே, நானே சொல்லும்வரை.

அத்தை மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கிறார். வீட்டில் வேலை சரியாக இருக்கிறது.

வர்ஷா


வெரிபீ
ஆகஸ்ட் 11

வர்ஷா,

நேற்று கேரம் டவுன்ஸ் கோயிலில் மகேந்திரராஜா அங்கிளைப் பார்த்தேன். இங்கே மகள் வீட்டுக்கு வந்தவர், அர்ச்சனைத் தட்டோடு நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "பிள்ளை, வர்ஷாவின்ரை வளைகாப்புக்குச் சிட்னிக்கு வாறீர்தானே? நாங்களும் போறம்" என்றார். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான், அவவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னவையெல்லோ" என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

அவவுக்குச் சொல்லவேண்டாம். அந்த அவ நான்.

பென்டில் ஹில் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும். தூண்டில் சங்கத்துக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்த அருந்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது. உன் அத்தை ஊரிலிருந்து வந்து ஆள் ஆளுக்கு வாயைக் கட்டியிருக்கிறார், நீயும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

ஏன் என்று நான் கேட்கவேண்டுமா? நான் தமிழச்சி இல்லையா? எங்கள் ஊரிலும் இந்தக் கதை இருக்கிறது. பிள்ளை இல்லாதவள் கண் பொல்லாத கண். அவள் பார்த்தால் பால் திரியும், கரு கலையும். ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர் வேலை, வெரிபீயில் சொந்த வீடு, இரண்டு டிகிரி, எல்லாம் சேர்த்தும் கடைசியில் நான் அந்தக் கண்தான், இல்லையா?

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்குப் படகில் நீ குனிந்தபோதே எனக்கு ஒரு நினைப்பு வந்தது. காபியை நீ தள்ளியபோதும் வந்தது. வந்த நினைப்பை நானே அடித்து விரட்டினேன். அப்படி ஒன்று என்றால் வர்ஷா எனக்குத்தான் முதலில் சொல்லுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு நோயோ என்று ராத்திரியெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். அந்தக் கடிதத்தைப் படித்தபிறகும் நீ எனக்கு "நோய் ஒன்றும் இல்லை" என்று நாலு வரி எழுதினாய்.

இன்று காலையில் பிரதீப்குமாரிடமிருந்து கிரணுக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. அங்கிள் உளறியது தெரிந்துவிட்டது போல. கீழே ஒரு வரி: "ஹரிப்பிரியாவை அவசியம் கூட்டிட்டு வாங்க, வர்ஷா கைல போட்ட வளையலைக் கழட்டி அவங்களுக்குப் போட்டுவிட்டா சீக்கிரம் நல்லது நடக்கும்னு அம்மா சொன்னாங்க." கண் படும் என்று ஒளித்தவர்கள் இப்போது எனக்குப் பிள்ளை வரம் தருகிறார்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல். என் கண்ணுக்குப் பயந்தது உன் அத்தையா, நீயா?

ஹரிப்பிரியா


பென்டில் ஹில்
ஆகஸ்ட் 13

ஹரி,

நான்தான்.

அத்தை மேல் பழியைப் போட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அத்தை போனில் அப்போதே சொன்னது உண்மை. மூன்று மாசம் முடியும்வரை யாருக்கும் சொல்லாதே, அந்தப் பிள்ளைக்கு எப்பவுமே சொல்லாதே, வயிறு எரியும் என்றார். நான் அத்தையிடம் சண்டை போட்டேன். "ஹரி அப்படிப்பட்டவ இல்லைங்க" என்றேன். போனை வைத்தபிறகு, சரி, எதற்கு வம்பு, மூன்று மாசம் போகட்டும் என்று எனக்கே தோன்றியது. எட்டு வருஷம் காத்திருந்து வந்தது ஹரி. எனக்குப் பயம். பகுத்தறிவெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாசம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் ஈஸ்டர் வந்தது. வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பாய். அமைதியான தண்ணீரில் படகில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் உள்பக்கம் போகலாம் என்று கெஞ்சினேன். நீ முனைக்கு விட்டாய். அலை வந்தபோது எனக்கு மீனும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டினாய். திட்டு வாங்கினவள் எப்படிப் போன் போட்டு நல்ல சேதி சொல்வாள்? நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

நீ என்னை இவ்வளவு கேட்டாய், நான் ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் நான் சொல்லியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாயா? மூன்றாவது தடவை தங்காமல் போய் அப்போது இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பொய் சொல்லாமல் எழுது. எல்லாரும் உன்னைப் பார்த்து ஒளித்தார்கள் என்கிறாய். உன் முன்னால் என் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை என்பதும் உண்மை. அதற்கும் என்னைத் திட்டுவாயா?

வர்ஷா


வெரிபீ
ஆகஸ்ட் 14

வர்ஷா,

திட்டுவேன்.

சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். பொய் எதற்கு? போனை வைத்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசியிருக்கமாட்டேன். கிரண்மேல் எரிந்து விழுந்திருப்பேன். அதெல்லாம் என் பாடு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் உனக்குப் போன் போட்டு, வாந்தி எடுக்கிறாயா, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருப்பேன். எனக்கு அவ்வளவு மனசு கூடவா இல்லை என்று நினைத்தாய்?

ஒன்று மட்டும் நிச்சயம். உன்னை அந்த டின்னியில் ஏற்றியிருக்கமாட்டேன். மீனாவது மண்ணாவது. ஏற்றினாலும் களிமண் முனைப் பக்கம் தலை வைத்திருக்கமாட்டேன். உன் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியாமல் அந்த அலைக்குள் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கோபத்தில் என்ஜினை முறுக்கி டம் டம் என்று கரைக்குக் கொண்டுவந்தேன். அப்போது அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நீ இதை யோசித்தாயா, உன் அத்தை யோசித்தாரா? ஹரிப்பிரியா கூடப் போனாள், ஹரிப்பிரியா கண்தான் என்று ஊரே சொல்லியிருக்கும். அது போகட்டும், நானே நம்பியிருப்பேன். சாகிறவரைக்கும் நம்பியிருப்பேன். என் கண்ணிலிருந்து உன் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நீ என் தலையில் வைக்கப் பார்த்தது அதைத்தான்.

இதற்குத்தான் என் கோபம். அழைப்பிதழுக்கோ வளையலுக்கோ இல்லை.

வளைகாப்புக்கு வருகிறேன். எனக்கு யாரும் வளையல் கழற்றிப் போட வேண்டாம், எனக்கு வேண்டியதை என் டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் கையில் முதல் வளையலை நான் போடுவேன். அத்தனை பேரும் பார்க்க, உன் அத்தை பார்க்க, முதல் ஆளாக நான். சம்மதம் என்றால் எழுது, கிளம்பி வருகிறேன்.

ஹரி


பென்டில் ஹில்
ஆகஸ்ட் 20

ஹரி,

உன் கடிதத்தைப் படித்து நான் அழுத அழுகையில் பிரதீப் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகப் பார்த்தார். நீ எழுதியதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்கவேண்டும்.

அத்தையிடம் பேசினேன். பெரிய சண்டை. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தை, பிள்ளை பெற்ற ஐந்து பேர் முதலில் போடட்டும், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை தாராளமாகப் போடலாம் என்கிறார். இவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஊரிலிருந்து வந்த மனுஷியோடு இதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஆறாவதாகப் போட்டாலும் உன் கை என் கையைப் பிடித்தால் எனக்குப் போதும். வாயேன்.

வர்ஷா


வெரிபீ
அக்டோபர் 7

வர்ஷா,

ஆறாவதாக வரமுடியாது என்பதை எழுதக்கூட எனக்கு அப்போது கை வரவில்லை. வராமல் இருந்தேன், புரிந்திருப்பாய். படங்களைக் கிரண் காட்டினான். அழகாகத்தான் இருந்தாய். உன் அத்தையும்தான்.

லேபர் டே லீவில் அந்த அக்டோபர் போட்டிக்குக் கூலம்பா போனேன். கிரண் உன் கராஜிலிருந்து டின்னியை எடுத்து வந்தபோது நான் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ ஜன்னலில் நின்றாய் என்று சொன்னான்.

ஏரியில் கால் வைக்க இடமில்லை. ஜெட் ஸ்கிக்காரன் ஒருவன் எங்கள் நூலையே அறுத்துக்கொண்டு போனான், நானும் அவன் பரம்பரையைத் தமிழில் விசாரித்தேன். மற்ற ஜோடிகள் வழக்கம்போல உள்பக்கம் ஓடினார்கள். நாங்கள் முனைக்குப் போனோம். கிரணுக்குப் படகில் நிற்கவே தெரியாது, வலையைக் கரண்டி மாதிரிப் பிடிக்கிறான். நீ சொல்லித்தந்தபடியே செய்தேன். படகு திரும்பிப் போகும்வரை காத்திருந்து, அலை கரையில் மோதித் திரும்பும்போது, கரைக்கு ஒட்டினாற்போல் கலங்கலுக்குள் போட்டு, அவசரப்படாமல் இறங்கவிட்டேன். மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. கிரண் உள்பக்கம் போகலாம் என்று புலம்பினான். பிறகு அடித்தது. ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். கிரண் பாதி உடம்பைத் தண்ணீரில் விட்டு அதை அள்ளினான். அளந்து, படம் எடுத்து, தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். தெம்பு வந்ததும் கையை உதறிவிட்டுப் போனது.

முதல் பரிசு எங்களுக்கு. அருந்தவன் வந்து, "எங்கை பிடிச்சனீங்கள்? அந்தச் சத்தத்துக்கை எப்பிடி?" என்று பவ்யமாகக் கேட்டான். வர்ஷா கண்டுபிடித்த இடம், அவளைக் கேளுங்கள் என்றேன்.

இதை எழுதுவதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. உன் அத்தை ஐந்து பேரை எண்ணி நிறுத்தியதை நீ சரி என்றாயே, அது இருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்று செய். பிள்ளை பிறந்ததும் நீ சொல்லு. உன் வாயால். இதையும் நான் கோயிலில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால், அதோடு சரி. நீ யாரோ நான் யாரோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹரி


சிட்னி, பிரசவ வார்டு
நவம்பர் 20

ஹரி,

பெண். இப்போதுதான். என் மேல்தான் கிடக்கிறாள், ஒரு கையால் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாள், நானும்.

பிரதீப்பின் போனைப் பிடுங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அத்தை வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு விடாமல் போன் அடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் அம்மாவுக்கும் இன்னும் தெரியாது. பிரதீப், "அம்மா பாவம், ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று கெஞ்சுகிறார். முடியாது என்றுவிட்டேன். இவரையும் நர்ஸையும் விட்டால் இந்த உலகத்தில் இவள் பிறந்தது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ பதில் போட்டபிறகுதான் மற்றவர்களுக்கு. அழவேண்டும் என்றால் அழுதுவிட்டு மெதுவாகவே எழுது. அவர்கள் காத்திருக்கட்டும்.

வர்ஷா